நாலாவது கூப்பாடு

என் வீட்டுக்காரருக்கு ஹாரன் அடிக்கக் கை வராது. மாட்டுவண்டி குறுக்கே போனால் காரை நிறுத்திவிட்டு இறங்கிப் போய், "ஏனுங்க, கொஞ்சம் ஒதுங்கிக்கறீங்களா?" என்று வண்டிக்காரனைக் கேட்பார். வண்டிக்காரன் தூங்கிக்கொண்டிருந்தால் அவனாக விழிக்கும்வரை மாடுகளோடு சேர்ந்து நடந்துகொண்டே போவார். கார் நடு ரோட்டில் ஆளில்லாமல் நிற்கும். இப்படிப்பட்ட மனுஷன் வாடகைக் கார் ஓட்டினால் தொழில் எப்படி நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பொறுமையை எல்லாம் ஆண்டவன் அவருக்கே கொடுத்துவிட்டான், எனக்கு மிச்சம் வைக்கவில்லை.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்காத, பெட்ரோலுக்குப் பஞ்சம் வராத காலம் அது. கொல்லிமலைக்கு மோட்டார் ரோடு கிடையாது. மேலே போவதும் கீழே வருவதும் ஒற்றையடிப் பாதையில்தான். அடிவாரத்துக்கு இரண்டு மைல் இந்தப் பக்கம், டவுனுக்குப் போகிற ரோட்டின்மேல் எங்கள் வீடும் கடையும். மிளகும் புளியும் கடுக்காயும் வாங்கி விற்கிற குடும்பம். என் வீட்டுக்காரரின் அண்ணன்தான் வீட்டுக்குப் பெரியவர். சேலத்தில் ஒரு டாக்டர் ஓட்டிச் சலித்த துணிக்கூரை காரை வாங்கித் தம்பிக்குத் தொழிலாக அமைத்துக் கொடுத்தவரும் அவரேதான்.

சந்தை நாளில் மலைமேல் இருக்கிற திண்ணனூர் நாட்டிலிருந்தும் பைல் நாட்டிலிருந்தும் ஜனங்கள் மிளகு மூட்டை, வாழைத்தார், பலாப்பழம் என்று தலைச்சுமையோடு இறங்குவார்கள். அவர்களை அடிவாரத்தில் ஏற்றி டவுன் சந்தைக்குக் கொண்டுபோய் விட வேண்டும். கணக்கெல்லாம் சரிதான். ஆனால் அடிவாரத்தில் யாரும் வந்து காத்திருக்க மாட்டார்கள். அங்கே கொசு, காய்ச்சல், வெயில். பாதி மலையில் ஒரு ஊற்று உண்டு. பலாமர நிழலில் சுமையை இறக்கி வைத்து, தண்ணீர் குடித்து, வெற்றிலை போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். கீழே வண்டிச் சத்தம் கேட்டால்தான் சுமையைத் தூக்குவார்கள்.

அங்கேதான் எங்கள் பிழைப்பு மாட்டிக்கொண்டது. டவுனிலிருந்து ஒரு பஸ் வரும். அது வருகிற சத்தம் மலைக்கே கேட்கும். எங்கள் கார் அதற்கு முன்பே போய் மரத்தடியில் நல்ல பிள்ளையாக நிற்கும். அதன் ஹாரன் ரப்பர் குண்டை அமுக்கினால் "பக் பக்" என்று கத்துகிற ஜாதி. அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் மேய்கிற ஆடுகூட நிமிர்ந்து பார்க்காது. மலைக்காரர்கள் பஸ் சத்தத்தைக் கேட்டு இறங்குவார்கள், பஸ்ஸில் ஏறுவார்கள். பஸ்காரன் மூட்டை பெரிசு என்பான், பலாப்பழம் நாறுகிறது என்பான், முன்சீட்டை டவுன் வியாபாரிக்கு வைத்துக்கொண்டு இவர்களைப் பின்னால் நிற்க வைப்பான். நேரமாகிவிட்டது என்று பாதிப் பேரை விட்டுவிட்டும் போய்விடுவான். அந்தப் பாதிப் பேரில் நாலைந்து பேர் எங்கள் காருக்கு வருவார்கள். அதற்குள் சந்தையில் நல்ல நேரம் போயிருக்கும்.

ஒருநாள் சாப்பிடும்போது அண்ணன் சொல்லிவிட்டார். "ரம்ஜான் நோம்பு பொறக்கற வரைக்கும் பார்க்கலாம். அதுக்குள்ள வண்டி நெறையலீன்னா பஸ் மொதலாளி கேக்கறாரு, குடுத்துடலாம். உன்னையும் பஸ்ஸுல கண்டக்டரா வச்சுக்கறேங்கறாரு."

என் வீட்டுக்காரர், "சரிங்கண்ணே" என்றார். குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

விடிந்தால் அந்தக் காரைத் துடைத்துத் துடைத்து அதில் முகம் பார்க்கிற மனுஷன் அவர். அவரை அந்தப் பஸ்ஸின் பின்படியில் தொங்க வைத்து, மலைக்காரர்களை "தள்ளு தள்ளு" என்று சொல்ல வைப்பதா? அவர் வாயில் அந்தச் சொல் வராது, வராததற்கு முதலாளியிடம் ஏச்சு வாங்குவார். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் மனுஷனும் அழமாட்டார், காரும் அழாது. மனுஷனை மாற்ற என்னால் முடியாது. காரை மாற்றலாம் என்று அன்றைக்கே முடிவு பண்ணினேன்.

என் தங்கை நிக்காஹுக்குச் சேலம் போனபோது மோட்டார் சாமான் கடை ஒன்றின் வாசலில் காரை நிறுத்தச் சொன்னேன். பெண்பிள்ளை கடைக்குள் போகக்கூடாது என்று காரிலேயே உட்கார்ந்து துப்பட்டிக்குள்ளிருந்து சத்தமாகப் பேசினேன். "இருக்கறதுலயே பெரிய சத்தம் எதுங்க?" கடைக்காரர் சிரித்துக்கொண்டே மூன்று பித்தளைக் குழல்களை ஒன்றாகக் கட்டிய ஒரு சாமானைக் கொண்டுவந்து காட்டினார். நாதஸ்வரத்தை வெட்டி ஒட்டியதுபோல இருந்தது. ரப்பரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். இன்ஜின் விடுகிற புகையே அந்தக் குழல்களுக்குள் புகுந்து ஊதுமாம். காலால் ஒரு மிதியை அமுக்கினால் புகை அந்தப் பக்கம் திரும்பும்.

"எவ்வளவு தூரமுங்க கேக்கும்?" என்றேன்.

"காட்டு வேட்டைக்குப் போற தொரைமாருங்க வாங்கறதும்மா இது. ஊருக்குள்ள அடிச்சா போலீசு வரும்" என்றார்.

அதற்குமேல் எனக்கு வேறு உத்தரவாதம் தேவைப்படவில்லை. நான் சேர்த்து வைத்திருந்ததில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஊர் வரும்வரை என் வீட்டுக்காரர் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "இதை அடிச்சா மத்தவங்களுக்குச் சங்கடமா இருக்காதா புள்ள?" என்று கேட்டார்.

"இருக்கணும். அதுக்குத்தானே வாங்குனேன்" என்றேன்.

பூட்டுவதற்கு எங்கள் கொல்லைப்புறம்தான் பட்டறை. காரின் பின்சக்கரங்களைச் செங்கல் அடுக்கி உயர்த்தினார். சாக்கை விரித்து அடியில் படுத்துப் புகைக்குழாயை ரம்பத்தால் அறுத்தார். நல்ல குழாயை அறுக்கிறாரே என்று அண்ணன் ஜன்னலில் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அறுத்த இடத்தில் ஒரு இரும்புப் பெட்டி, அதற்குள் ஒரு மூடி, மூடியிலிருந்து ஒரு கம்பி. டிரைவர் காலடிப் பலகையில் ஓட்டை போட்டுக் கம்பியை மேலே இழுத்து மிதியில் மாட்ட வேண்டும். மேலேயிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டவள் நான். "இழு" என்றால் இழுப்பேன், "விடு" என்றால் விடுவேன். இன்ஜின் வேகத்தை ஏற்ற ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி இருந்தது. அதைத் தூக்கியபடி மிதியை அமுக்கினால்தான் ஊதும், சும்மா அமுக்கினால் இருமும். இதையெல்லாம் நான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கம்பி பிடிக்கிறவள் கண்ணை மூடிக்கொண்டா பிடிப்பாள்?

முதல் தடவை புகை பெட்டியின் இடுக்கெல்லாம் கசிந்து சீறியது, அவ்வளவுதான். அண்ணன் ஜன்னலில் சிரித்தார். இடுக்கில் கல்நார்க் கயிற்றைச் சுற்றி இறுக்கிவிட்டு மறுபடி அமுக்கினார். அல்லாஹ்வே! கோழிகள் கூரைக்குப் போயின. பக்கத்து வீட்டில் பால் கறந்துகொண்டிருந்த அம்மாளை மாடு உதைத்துவிட்டது. மூன்று குழலும் மூன்று சுரத்தில், அடிவயிற்றிலிருந்து வருகிற சத்தம். அண்ணன் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். நான் கைதட்டினேன். என் வீட்டுக்காரரோ சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய், "மன்னிச்சுக்குங்க, ஹாரன் பூட்டினோமுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த சந்தை நாள் அவர் தனியாகத்தான் அடிவாரம் போனார். பஸ் வருவதற்கு முன்பே ஹாரன் சத்தம் வீட்டில் எனக்குக் கேட்டது. இரண்டு மைல்! நீளமாக, ஒரே ஒரு தடவை. மலையில் முட்டி அந்தச் சத்தம் உருண்டது. இன்றைக்குக் கார் நிறைந்து வழியும் என்று அடுப்படியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன்.

கார் காலியாக வந்தது.

ஒருத்தர்கூட இறங்கவில்லையாம். அதைவிட அதிசயம், பிறகு பஸ் வந்தும் யாரும் இறங்கவில்லையாம். பஸ் முதலாளியே அன்று வண்டியில் வந்திருக்கிறார். காத்துக் காத்துப் பார்த்துவிட்டு நேராக எங்கள் கடைக்கு வந்து அண்ணனிடம் கத்தினார். "பாய், உங்களுக்கும் சவாரி இல்லை, எனக்கும் இல்லாம பண்ணிட்டீங்க. என்னத்தைய்யா வண்டியில பூட்டி வச்சிருக்கீங்க?"

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. அண்ணனுக்கு முகமே இல்லை. அந்த இடத்திலேயே, "அடுத்த சந்தைக்கு அடிவாரத்துக்கு வாங்க மொதலாளி. நானும் வாரேன். வண்டியை அங்கயே ஒப்படைச்சுடறேன்" என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் பின்னால் நின்று தலையாட்டினார். அன்றைக்கு அவர் காரைத் துடைக்கவில்லை. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. உள்ளே போய் அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

சந்தைக்கு இடையில் ஒருநாள் காலை, எங்களுக்கு மிளகு போடுகிற திண்ணனூர் நாட்டுக்காரி வேறு பாதையாகச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாள். என் வயசுக்காரி. நாங்கள் இருவரும் சாதாரணமாகப் பேசினாலே பார்க்கிறவர்களுக்குச் சண்டை மாதிரி இருக்கும். வந்தவள் மூட்டையைக்கூட இறக்காமல் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனுங்க பாயம்மா, எல்லாரும் நல்லா இருக்கீங்களா? அடிவாரத்துல முனி எறங்கிருச்சாமா?"

"எந்த முனி?"

"சந்தையன்னிக்குக் கூப்புட்டுச்சே! ஊத்துக்கிட்ட உக்காந்திருந்தோமுங்க. அப்பிடி ஒரு கூப்பாடு. சுமையைத் தூக்கிக்கிட்டு ஒருத்தரை ஒருத்தரு திரும்பிப் பாக்காம மேல ஓடிட்டோம். எங்கூட்டுக்காரரு வாழைத்தாரையே விட்டுட்டு வந்துட்டாரு."

நான் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காருக்கடியில் இருந்த பித்தளைக் குழல்களைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சிரிக்காதடி. சத்தம் கேட்டா வண்டி வந்திருச்சுன்னு வரவேண்டியதுதானே?"

"ஒத்தைக் கூப்பாட்டுக்கு யாருங்க வருவாங்க?" என்றாள் கண்ணைத் துடைத்தபடி. "மனுசன் கூப்புட்டா, பதில் வார வரைக்கும் கூப்புடுவான். கூப்புட்டுட்டு அடங்கிப்போனா அது காட்டுல இருக்கறதுங்க. அதுக்குப் பதில் குடுக்கக் கூடாது, இருக்கற எடத்துலயும் இருக்கக் கூடாது."

"அப்ப ரெண்டு தடவை அடிச்சா?"

"அதுவும் ரெண்டு தடவை கூப்புடுமுங்க. மூணு தடவைகூடக் கூப்புடும். நாலாவது கூப்புடாது. நாலு கேட்டா மனுசந்தான். அப்பறம் பதில் குடுக்காம இருந்தா எங்களுக்குத்தான் குத்தம்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மலையில் குரல் என்பது சும்மா சத்தம் இல்லை. நாலு தடவை கூப்பிட்டவனுக்குப் பதில் சொல்லாமல் இருக்க அவர்களால் முடியாது. என் புண்ணியவான் மரியாதையாக ஒரே ஒரு தடவை அடித்து முனியாகியிருக்கிறார்!

"நீயே மேல போய் எல்லார்கிட்டயும் சொல்லிடேன், அது எங்க ஹாரன்னு" என்றேன்.

"சொல்றேன். நம்போணுமே? அவங்க காதால கேட்டவங்க. சந்தையன்னிக்கு ஊத்துக்கிட்ட நான் இருப்பேன். நாலு கேட்டுச்சுன்னா மொதக் குரலு என்னுதுதான். மூணோட நின்னுச்சோ, எங்கூட்டுக்காரரு என்னைய இழுத்துக்கிட்டுப் போயிருவாரு" என்றாள்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஒருத்தரை நாலு தடவை கூப்புடறது மரியாதையா புள்ள?" என்றார். இந்த மனுஷனை நம்பிச் சந்தை நாளை விடுவதில்லை என்று, அன்று நானும் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பின்சீட்டில் ஏறிவிட்டேன். வண்டியை ஒப்படைக்கப் போகிற அண்ணன் முன்சீட்டில்.

அடிவாரத்தில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, கைப்பிடியைத் தூக்கி, அவர் மிதியை அமுக்கினார். மலை அதிர்ந்தது. மேலே பலாமரத்தடியில் வெள்ளைத் துணிகள் அசைவது தெரிந்தது. ஆட்கள் எழுந்து நிற்கிறார்கள். "அடிங்க" என்றேன். இரண்டாவது அடித்தார். வெள்ளைத் துணிகள் ஒன்றாகக் கூடின. "அடிங்க!" மூன்றாவது அடித்தார். அது முடிகிறபோது இன்ஜின் இருமி, குலுங்கி, அணைந்துவிட்டது.

மூன்றோடு! எது நடக்கக் கூடாதோ அதுவே நடந்தது.

அவர் இன்ஜினைச் சுற்றிக் கிளப்புகிற ஹேண்டிலை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடிச் சுற்றினார். இரண்டு சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. திரும்பி ஏற வேண்டியதுதானே? அந்த நேரம் பார்த்துப் பஸ் வந்து பக்கத்தில் நின்றது. முதலாளி இறங்கி வந்து, "என்ன தம்பி, வண்டியெல்லாம் நல்ல நிலைமையில இருக்கா?" என்று பேச்சைத் தொடங்கினார். பேசுகிறவருக்கு முதுகு காட்டுகிற வழக்கம் என் வீட்டுக்காரருக்குக் கிடையாது. ஹேண்டிலைக் கையில் பிடித்தபடி, "இருக்குங்க, நல்லா இருக்குங்க" என்று நின்றுகொண்டிருக்கிறார். அண்ணனும் இறங்கி முதலாளியிடம் போய்விட்டார். மேலே வெள்ளைத் துணிகள் ஒவ்வொன்றாக மரங்களுக்குள் மறையத் தொடங்கின. அதில் ஒன்று மட்டும் நகராமல் நின்றது. அது யார் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு நேரம் நிற்பாள்?

துப்பட்டியைச் சுருட்டி இடுப்பில் செருகினேன். பின்சீட்டிலிருந்து முதுகுப்பலகையைத் தாண்டி டிரைவர் சீட்டில் விழுந்தேன். எந்தப் பெண்பிள்ளையும் எங்கள் பக்கம் அந்த இடத்தில் உட்கார்ந்ததில்லை. கைப்பிடியை ஒரேயடியாக மேலே தூக்கினேன், இன்ஜின் அலறியது. இரண்டு காலையும் சேர்த்து வைத்து மிதியை அமுக்கினேன். அமுக்கினது அமுக்கினதுதான், எடுக்கவில்லை. பஸ் முதலாளி காதைப் பொத்திக்கொண்டு குனிந்தார். அண்ணன் ஏதோ கத்தினார், வாய் அசைவது மட்டும் தெரிந்தது. என் பல்லெல்லாம் நடுங்கியது. இவ்வளவு நாள் வாய்க்குள் வைத்திருந்ததை எல்லாம் அந்தக் குழல் வழியாகச் சொல்லித் தீர்த்தேன்.

காலை எடுத்தேன். ஒரே அமைதி.

பிறகு மேலேயிருந்து ஒரு குரல். "ஓ... ஓய்!" பெண்குரல். அது முடிவதற்குள் இன்னொன்று, அதற்கும் மேலே இன்னொன்று. ஊற்றிலிருந்து மேல்வளைவுக்கு, அங்கேயிருந்து அடுத்த சரிவுக்கு, எங்கள் கண்ணுக்கே தெரியாத உயரத்திலிருந்தெல்லாம் பதில் வந்தது. அந்த நாட்டில் யாருமே பாக்கியில்லாமல் கூப்பிட்டார்கள் போலிருந்தது. என் வீட்டுக்காரர் ஹேண்டிலைக் கீழே போட்டுவிட்டு மலையைப் பார்த்து இரண்டு கையையும் வாயில் குவித்து, வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கத்தினார். "வாங்க! வாங்க!"

வந்தார்கள். மிளகும் வாழையும் பலாவும் வரிசையாக இறங்கின. எல்லாருக்கும் முன்னால் என் மிளகுக்காரி, பின்னால் வாழைத்தாரோடு அவள் புருஷன். பஸ்காரன், "இங்க வாங்க, இங்க வாங்க, சீட்டு இருக்கு" என்று கதவைத் தட்டினான். "கூப்புட்டவங்க இவங்கதானுங்க" என்று சொல்லிவிட்டு அவனைத் தாண்டிக் காருக்கு வந்தார்கள். கூப்பிட்ட குரலுக்குத்தான் போக வேண்டும், இது அவர்கள் முறை. அவன் எவ்வளவு தட்டியும் பலிக்கவில்லை. கார் நிறைந்தது. படியில் நின்றார்கள். மூட்டைகளைப் பின்னால் கட்டினார்கள். மீதிப் பேர் பஸ் பக்கம் போகாமல் மரத்தடியில் உட்கார்ந்து, "நீங்க போய்ட்டு வாங்க, நாங்க இருக்கறோம்" என்றார்கள். முதலாளி காலி பஸ்ஸில் ஏறிக்கொண்டார். விலை பேச யாரையும் கூப்பிடவில்லை.

எனக்கும் அண்ணனுக்கும் காரில் இடமில்லை. பஸ்ஸில் ஏறச் சொல்லி முதலாளி கூப்பிட்டார். நான் மாட்டேன் என்றேன். பெண்பிள்ளையைத் தனியாக நடக்கவிட முடியாமல் அண்ணனும் கூடவே நடந்தார். அவர் முன்னால், நான் பின்னால். டிரைவர் சீட்டில் ஏறியதற்கு இப்போது திட்டுவார், இப்போது திட்டுவார் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் வாயே திறக்கவில்லை.

வீட்டை நெருங்குகிறபோது டவுனில் ஆட்களை இறக்கிவிட்டு எங்கள் கார் திரும்பி வந்தது. என் வீட்டுக்காரர் நிறுத்தி, இறங்கி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறுங்கண்ணே, ஊட்டுல விட்டுட்டு அப்பறம் போறேன்" என்றார்.

"அங்க ஆளுங்க உக்காந்திருக்காங்க, மேல இருக்கறவங்களையும் கூப்புடோணும், எனக்கு என்னடா அவசரம்?" என்றார் அண்ணன். பிறகு என் பக்கம் திரும்பாமலே, ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஏம்மா, நீ ஏறிக்க. இவன் மூணோட நிறுத்திருவான்."